ஆளறிந்து பெய்யும் மழை

வேசர் ஆறு கடலைப் பார்த்து வடக்கே போகிற வழியில் லிண்டன்வேர்டர் என்று ஒரு ஊர் இருக்கிறது, அந்த ஊர் எல்லைக்குள் பெய்கிற மழை, எங்காவது ஒருவர் காத்துக்கொண்டிருக்கிற ஆளை நனைக்காது, ஒருவரும் காத்திராத ஆளைத் தலையிலிருந்து சப்பாத்து வரைக்கும் நனைத்துவிட்டுத்தான் விடும், இது பதினொரு வருஷமாக நடக்கிறது, ஏன் நடக்கிறது என்று அங்கே யாரும் கேட்பதில்லை, கேட்டவர்கள் எல்லாம் வெளியூர்க்காரர்.

சாருஜாவுக்கு இது ஒன்றும் தெரியாது. அவள் அந்தப் பக்கம் வந்தது ஒரு புதன்கிழமை மத்தியானம், சைக்கிள் பயணத்தின் நாலாம் நாள், விடிந்ததிலிருந்து விடாத மழை, ஒரு பக்கம் மண்நிறத்தில் ஆறு, மறுபக்கம் சோளம், சோளம், திரும்பவும் சோளம், கரைப் புல்லில் நின்ற செம்மறியாடுகள்கூட இவளுக்கு வேறு வேலை இல்லையா என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டன. எதிரே வந்தவர்கள் எல்லாம் ஓய்வு பெற்ற சோடிகள்: முன்னால் கணவன், பின்னால் மனைவி, இரண்டு பேருக்கும் ஒரே நிறத்தில் மழைக்கோட்டு, "மொயின்" என்று ஒரு வணக்கம், அவ்வளவுதான், போய்விடுவார்கள். நாலு நாளில் அவள் வாய் திறந்து கதைத்தது அந்த மொயினும், பாண்கடையில் "அது இல்லை, பக்கத்தில இருக்கிறது" என்று சொன்னதும்தான்.

அவளுக்குப் பதினெட்டு வயது. மூன்று கிழமைக்கு முன்னால் பள்ளிக்கூட அலுவலகத்துக்குப் போய், பன்னிரண்டாம் வகுப்பை இத்தோடு விடுகிறேன் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவள். பதினெட்டு ஆனபிறகு தகப்பன் கையெழுத்துத் தேவையில்லை. ஏன் விடுகிறாய் என்று அலுவலகப் பெண் கேட்டாள், பிடிக்கவில்லை என்றாள், அதுதான் உண்மை, அதற்கு மேல் பெரிய கதை ஒன்றும் கிடையாது. இரண்டு வருஷமாக மத்தியானச் சாப்பாட்டை மாடிப்படியில் தனியாக இருந்து தின்றவளுக்கு ஒரு நாள் அந்தப் படியும் அலுத்துப்போயிற்று.

பிரேமனில் வீட்டில் இருப்பது அப்பா மட்டும். அம்மா செத்து ஆறு வருஷம். அப்பா தவராசா பாண் தொழிற்சாலையில் விடியப்புறம் இரண்டு மணி வேலைக்குப் போகிறவர், அதனால் பின்னேரம் நாலு மணிக்கே படுத்துவிடுவார், அவள் வருகிற நேரம் அவர் நித்திரை, அவர் எழும்புகிற நேரம் அவள் நித்திரை, இரண்டு பேரும் ஃபிரிட்ஜில் ஒட்டுகிற துண்டுத் தாளில்தான் குடும்பம் நடத்தினார்கள். அப்படி ஒரு தாளில்தான் எழுதினாள்: பள்ளிக்கூடத்தால் ஆற்றங்கரைச் சைக்கிள் பயணம், நாற்பது பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள், வெள்ளிக்கிழமை வருவேன். கீழே அப்பா எழுதியிருந்தார்: நல்லது, மழைக்கோட்டு கொண்டு போ. நாற்பது பிள்ளைகள் என்று எழுதியதில் ஒரு கரைச்சல் இருந்தது, ஏற்றம் ஏறும்போதெல்லாம் பின்னால் யாரும் வருகிறார்களா என்று அவளே திரும்பிப் பார்த்தாள்.

மத்தியானம் ஆறு பாதையில் ஏறிவிட்டிருந்தது. சிவப்பும் வெள்ளையுமாகத் தடுப்புப் போட்டு, அம்புக்குறி வைத்து, அக்கரைக்குப் படகு என்று எழுதியிருந்தார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடக்கிற சின்னப் படகு அது. படகுக்காரருக்கு எழுபது வயது இருக்கும், தொப்பி, மீசை, கோட்டு, எல்லாவற்றிலிருந்தும் தண்ணீர் ஊற்றியது. அவர் பெயர் ஹின்னெர்க் என்று பிறகுதான் தெரிந்தது. படகில் அவளோடு ஏறிய ஒரு சோடி மழைக்கோட்டைக் கழற்றிச் சைக்கிளில் கட்டிவிட்டு வெறும் சட்டையோடு நின்றார்கள், நடு ஆற்றைத் தாண்டியதும் அவர்கள் சட்டையில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. விலை கூடின சட்டையாக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அவளுக்கோ அந்த நடு ஆற்றிலிருந்து மழை கோட்டுக்குள்ளால், சட்டைக்குள்ளால், தோலுக்குள்ளாலும் போகிறமாதிரி இருந்தது.

ஹின்னெர்க் அவளை ஒரு தரம் பார்த்தார். "நீயும் இந்தக் கட்சியோ?" என்றார்.

"எந்தக் கட்சி?"

"நனையிற கட்சி. மேல தீயணைப்பு நிலையத்துக்குப் போ. துவாய் தருவினம். கேக்கும் தருவினம். கேக்கை வேண்டாமெண்டு சொல்லிப்போடாதை, பிறகு அதைப் பற்றி ஒரு கூட்டம் போடுவினம்."

தீயணைப்பு நிலையத்தில் வண்டி நிறுத்துகிற கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை, அதில் ஹீற்றர், நீள மேசை, கோப்பிப் பானை, தட்டம் நிறையப் பிளம்பழக் கேக், மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் உவே, தீயணைப்புப் படைக்காரர், கதவளவு உயரம், கதவளவு அகலம், முதுகில் பிடிப்பு. மற்றவர் டீக்மான் அம்மா, தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், எதையும் எழுதி வைக்காவிட்டால் அவருக்கு அது நடந்ததாகவே இராது. சாருஜா நின்ற இடத்தில் குளம் கட்டியதைப் பார்த்துவிட்டு டீக்மான் அம்மா சீட்டைக் கவிழ்த்து வைத்தார்.

"வெளியூரோ?"

"பிரேமன்."

"ஒருத்தரும் காத்திருக்கேல்லையோ?"

"எங்க?"

"எங்கயெண்டாலும்" என்றார் டீக்மான் அம்மா. துவாயைக் கொடுத்தபடியே மழையின் விஷயத்தைச் சொன்னார், குப்பையை எந்த நாளில் எந்த வாளியில் போடவேண்டும் என்று புதிதாகக் குடிவந்தவருக்குச் சொல்கிறமாதிரி.

முதல் வருஷம் ஊர் குழம்பித்தான் போயிற்று. ஐம்பது வருஷம் ஒன்றாக வாழ்ந்த சோடியில் கணவன் உலர்ந்தும் மனைவி நனைந்தும் தேவாலயத்துக்கு வந்தார்கள், அன்றைக்குப் பிரசங்கத்தை யாரும் கேட்கவில்லை. மனைவி கோபித்துக்கொண்டு தாய்வீடு போய் நாலு மாதமான இறைச்சிக்கடைக்காரர் ஒரு துளி படாமல் நடந்து திரிந்தார், யார் அந்தக் காத்திருக்கிறவள் என்று ஊரே தேடியது, கடைசியில் பார்த்தால் அது அவருடைய நாய். வானிலை அலுவலகத்திலிருந்து ஒருவர் கருவிகளோடு வந்தார், காரிலிருந்து இறங்கினார், முழுக்க நனைந்தார், ஒன்றும் எழுதாமல் திரும்பிப் போனார். பிறகு ஊர்க்கூட்டம் போட்டார்கள். மூன்று மணித்தியாலம் கதைத்து, மழை நாளில் நனைகிறவர் நனையாதவர் எல்லாரும் ஒரே நீலக் குடை பிடிப்பது, ஒருவர் காற்சட்டையை ஒருவர் பார்ப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். நனைகிறவர்கள் ஐந்து பேர் இருந்தார்கள். அவர்களுக்காகத் தீயணைப்புப் படை காத்திருப்புச் சேவை தொடங்கியது: மழை நாளில் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை, பின்னேரம் மூன்றிலிருந்து ஆறு வரை, பட்டியல்படி இரண்டு பேர் இந்த அறையில் அவர்களுக்காகக் காத்திருப்பது.

"ஐஞ்சு பேரும் காய்ஞ்சு போச்சினமோ?"

"இல்லை" என்றார் உவே. "ரெண்டு பேர் செத்துப்போச்சினம். ரெண்டு பேர் மழை இல்லாத ஊருக்குப் போட்டினம், ஸ்பெயினுக்கு. ஹின்னெர்க் மட்டும் மிச்சம்."

"படகுக்கு ஆக்கள் காத்துக்கொண்டு நிக்கிறவைதானே?"

"படகுக்குத்தான். அந்த வித்தியாசம் மழைக்கு விளங்குது."

"ஒரு நாயை வளர்க்கிறதுதானே?"

"கேட்டனாங்கள். ஒருநாள் நான் திரும்பி வராமல் விட்டால் அது பாவம் எண்டு சொல்லிப்போட்டார்."

சாருஜாவுக்குக் கோபம் வந்தது. யார் மீது என்று தெரியாத கோபம், மழையோடு எப்படிச் சண்டை பிடிப்பது. எனக்கு ஒருவரும் இல்லை என்று இந்த மழைக்கு யார் சொன்னது? அவளுக்கு அப்பா இருக்கிறார். அப்பா இப்போது என்ன செய்துகொண்டிருப்பார்? படுக்கை விரித்துக்கொண்டிருப்பார். பிள்ளை நாற்பது பேரோடு, இரண்டு ஆசிரியர்களோடு, மழைக்கோட்டோடு போயிருக்கிறது. நிம்மதியாகப் படுப்பார். நிம்மதியாக இருக்கிற மனிசன் ஏன் காத்திருக்கப் போகிறார்? தான் சொன்ன பொய்யை அவள் ஒருமுறை மனதுக்குள் திருப்பிப் பார்த்தாள், ஒரு ஓட்டை இல்லை, அவ்வளவு நன்றாகச் செய்திருந்தாள்.

மூன்று மணிக்கு உவேயின் முதுகு முழுதாகப் பிடித்துக்கொண்டது. அவர் வீட்டுக்குப் போகவேண்டும், ஆனால் பட்டியலில் இரண்டு பேர் இருக்கவேண்டும் என்பது விதி, ஒருவர் போதாது. டீக்மான் அம்மா சாருஜாவைப் பார்த்தார். "கையெழுத்துப் போடுவியோ?"

போட்டாள். கையெழுத்துப் போடுவது அவளுக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. அதோடு அவளுக்கு அந்தக் கிழவரிடம் ஒரு கேள்வி இருந்தது. பதினொரு வருஷம் மழை இதையே சொல்லிக்கொண்டிருக்க ஒரு ஆள் எப்படி உயிரோடு இருந்தது என்று கேட்கவேண்டும். அவரிடம்தான் கேட்கவேண்டும், வேறு யாருக்கும் அது தெரியாது.

"எத்தனை மணிக்கு வருவார்?"

"வரும்போது வருவார்."

"இப்ப எத்தனை மணி?"

அறையில் மணிக்கூடு இல்லை. சுவரில் ஆணியும் வட்டமாக ஒரு வெளிறின அடையாளமும் மட்டும் இருந்தன. டீக்மான் அம்மா விளக்கினார்: வருகிறவரை நெருக்குகிறமாதிரி மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பது மரியாதை இல்லை, அதனால் முதல் மாதமே கழற்றிவிட்டார்கள். காத்திருப்பவர் கதவைப் பார்த்தும் இருக்கக்கூடாது, அதனால் மேசை இப்படிப் போடப்பட்டிருக்கிறது. பிந்தி வந்தால் ஏன் பிந்தினாய் என்று கேட்கக்கூடாது. கோப்பி சூடாக இருக்கவேண்டும். முகம் சந்தோஷமாக இருக்கவேண்டும். பதினொரு வருஷத்தில் இந்தச் சேவையில் ஒருவர்கூட முகம் சுளித்தது கிடையாது என்று அவர் பெருமையாகச் சொன்னார்.

சாருஜாவுக்குப் பொறுமை என்ற சாமானே கிடையாது. மின்சார அடுப்பில் தண்ணீர் கொதிக்குமுன் தூக்கிவிடுகிற ஆள். அவள் இருந்தாள், எழும்பினாள், கதவைத் திறந்தாள், மழை, மூடினாள், இருந்தாள், கேக்கைத் தின்றாள், பாதியில் வைத்தாள், டீக்மான் அம்மாவின் கையைப் பிடித்து அவருடைய கைமணிக்கூட்டைப் பார்த்தாள், மூன்று பத்து. திரும்பக் கதவு. "இருக்க மாட்டியோ பிள்ளை, இஞ்ச நாங்கள் இப்பிடிக் காத்திருக்கிறேல்லை" என்றார் டீக்மான் அம்மா. மூன்று இருபது. "ஆத்தில இருந்து நானூறு மீற்றர், ஒரு ஆமை வந்திருக்கும்!" கதவு. தெருவரை போய்ப் பார்த்துவிட்டு ஊற்ற ஊற்ற வந்தாள். மூன்று முப்பது. ஆற்றில் விழுந்திருப்பாரோ? கிழவன், வழுக்கிற பலகை, தண்ணீர் ஏறி ஓடுகிறது, விழுந்தால் யாருக்குத் தெரியும்? இந்த மனிசி சீட்டைக் கலைத்துக்கொண்டு முகத்தைச் சந்தோஷமாக வைத்திருக்கும். "உங்களுக்கு விசரோ? போய்ப் பாக்கிறேல்லையோ?" என்று கத்தினாள், அறுபத்தெட்டு வயது மனிசியைப் பார்த்து. டீக்மான் அம்மா கோப்பிப் பானையின் மூடியை இறுக்கினார். மூன்று நாற்பது. சாருஜா சப்பாத்தை மாட்டிக்கொண்டு கதவை இழுத்தாள், கதவுக்கு அந்தப் பக்கம் ஹின்னெர்க் நின்றார்.

காய்ந்துபோய் நின்றார். தொப்பி காய்ந்திருந்தது, மீசை காய்ந்திருந்தது, ஆற்றைக் கடக்கிற ஆளின் கோட்டு சுவர்க் கொழுவியில் நாள்முழுக்கத் தொங்கின கோட்டுமாதிரி இருந்தது. யாருடைய உடுப்பையோ மாறிப் போட்டுக்கொண்டு பிடிபட்ட ஆளின் முழி.

"நாப்பது நிமிஷம்!" என்றாள் சாருஜா. "எங்க போய்த் துலைஞ்சனீங்கள்?"

"கம்பியில ஒரு மரம் வந்து சிக்கிப்போச்சு" என்றார் ஹின்னெர்க். பிறகு தன் கையைத் தடவிப் பார்த்தார். திரும்பி வெளியே போய், மழையின் நடுவில் கொஞ்ச நேரம் நின்று, உள்ளே வந்தார். "ஆரது?" என்று கேட்டார். டீக்மான் அம்மா குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, பதினொரு வருஷப் பழக்கத்தில் மூன்று நாற்பது, ஹின்னெர்க், நனைந்து என்று எழுதிவிட்டு, வெட்டி, வெட்டினதற்குக் கையெழுத்துப் போட்டு, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பத்து நிமிஷத்தில் ஊர் கூடிவிட்டது. முதுகைப் பிடித்துக்கொண்டு உவேயும் திரும்பி வந்தார். கைகொடுத்தார்கள், கோட்டைத் தொட்டுப் பார்த்தார்கள், நீலக் குடைகளை மூலையில் சாய்த்தார்கள், இன்னொரு தட்டம் கேக் வந்தது. பிறகு பிழை எங்கே என்று ஆராய்ந்தார்கள். காத்திருக்கும்போது கோபப்படுவது சேவை விதிகளுக்கு ஒத்துவருமா, வந்தால் எவ்வளவு கோபம், கத்தலாமா, கத்துவதற்கு வயது வரம்பு உண்டா, எல்லாவற்றையும் அடுத்த மாதக் கூட்டத்தில் வைத்து வாக்கெடுப்பது என்று முடிவாயிற்று. உவே வீட்டிலிருந்து ஒரு மணிக்கூட்டைக் கொண்டுவரச் சொல்லி ஆணியில் மாட்டினார். எல்லாரும் அதை நிமிர்ந்து பார்த்துப் பழகினார்கள், சிலருக்கு முகத்தைச் சுளிக்க வரவில்லை.

சாருஜா ஹின்னெர்க்கிற்குப் பக்கத்தில் போய் இருந்தாள். "ஒண்டு கேக்கவேணும். இவ்வளவு காலமும் எப்பிடி இருந்தனீங்கள்?"

அவர் கேக்கை விழுங்கினார். "நனைஞ்சு" என்றார்.

அவ்வளவுதான் பதில். இதற்காகவா நாற்பது நிமிஷம் என்று அவளுக்கு எரிச்சல் வந்தது, எரிச்சலோடு எரிச்சலாக இன்னொன்றும் வந்தது: நாற்பது நிமிஷம் இந்த அந்நிய மனிசனை மனதுக்குள் பிடித்து ஏசினாளே, எங்கே போய்த் துலைந்தாய் என்று, அதைத் தன்னை யாரும் கேட்கமுடியாதபடி அவளே எல்லாக் கதவையும் சாத்திவிட்டுத்தானே வந்தாள். அவளுடைய கைபேசி தண்ணீர் குடித்துச் செத்திருந்தது. நிலையத்துத் தொலைபேசியைக் கேட்டாள். கொடுத்துவிட்டு எல்லாரும் மரியாதையாக மணிக்கூட்டைப் பார்த்தார்கள்.

நாலரை மணி. அப்பா நித்திரைக் குரலில் எடுத்தார். "ஆர்?"

"நான்தான் அப்பா."

"என்ன நம்பர் இது? பள்ளிக்கூடத்து நம்பரோ?"

"பள்ளிக்கூடம் இல்லை அப்பா. பள்ளிக்கூடத்தை விட்டிட்டன். மூண்டு கிழமை. கையெழுத்து வைச்சிட்டன்."

அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது. "அப்ப அந்தப் பயணம்?"

"பொய்."

"நாப்பது பிள்ளையள்?"

"ஒருத்தரும் இல்லை. நான் தனியத்தான்."

"தனியவோ? இந்த மழைக்குள்ள தனியவோ?"

"ஓம்."

பிறகு அவர் கத்தத் தொடங்கினார். தாள் ஒட்டி ஒட்டிக் குடும்பம் நடத்தின மனிசனுக்கு இவ்வளவு குரல் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. பாண் அடுப்புக்கு முன்னால் பதினேழு வருஷம் வெந்தது இதுக்கோ, கொம்மா இருந்திருந்தால், நீ ஆரைக் கேட்டனி, என்னை என்ன விசரன் எண்டு நினைச்சியோ. கடைசியில், "இனி இந்த வீட்டுப் படி ஏறாதை! வரவேண்டாம், விளங்குதோ? வரவேண்டாம்!" என்று சொல்லி அடித்து வைத்தார்.

தீயணைப்பு நிலையத்தில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. ஒருவருக்கும் தெரிந்திருக்கத் தேவையும் இல்லை. டீக்மான் அம்மா ஒரு நீலக் குடையை நீட்டினார், சைக்கிள் ஓட்டுகிறவள் குடையை என்ன செய்வது, வேண்டாம் என்றாள். ஹின்னெர்க் அவளோடு வெளியே வந்து, தலையை ஆட்டிவிட்டு, ஆற்றுப் பக்கம் இறங்கினார். பத்தாவது அடியில் மழை அவரைத் திரும்பப் பிடித்துக்கொண்டது, தோள், முதுகு, தொப்பி. அவர் நிற்கவில்லை. மற்ற எல்லாரும் உள்ளே அடுத்த மாதக் கூட்டத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள், அவர் வந்து முடிந்தவர், இனி அவருக்காக யாரும் காத்திருக்கத் தேவையில்லை. சாருஜா பார்த்துக்கொண்டு நின்றாள், என்ன செய்வதென்று தெரியவில்லை, சைக்கிளில் ஏறினாள்.

மிதித்தாள். வரவேண்டாமாம். சரி, வரவில்லை. எங்கே போவதென்று தெரியாமலே வடக்கே மிதித்தாள், அப்பாவிடம் சொல்ல மறந்த பதில்களை எல்லாம் ஒன்று விடாமல் சத்தமாகச் சொல்லிச் சொல்லி மிதித்தாள், உங்களுக்கு நான் என்ன வகுப்பென்று தெரியுமோ, என்ர சிநேகிதி ஒருத்தியின்ர பேர் சொல்லுங்கோ பார்ப்பம், சொல்ல ஏலாது, ஏனென்றால் ஒருத்தியும் இல்லை. தோட்டங்கள் போயின, களஞ்சியங்கள் போயின, கடைசி வீடும் போயிற்று. மூச்சு வாங்க ஒரு இடத்தில் நிறுத்தினாள். சைக்கிளின் கைப்பிடியில், அவளுடைய இரண்டு கைகளுக்கும் நடுவில் இருந்த இரும்பில், மழை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கைகளில் அடிக்கவில்லை.

அவள் கையைத் திருப்பிப் பார்த்தாள். முழங்கை, தோள், கழுத்து. காலையிலிருந்து ஊறின சட்டை உடம்புச் சூட்டில் ஆவி பறக்கக் காய்ந்துகொண்டிருந்தது. ஹின்னெர்க்கோ? இல்லை, அவர் அந்த நேரம் மரத்தோடும் கம்பியோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். டீக்மான் அம்மாவோ? அவர் இனித்தான் பழகவேண்டும். பிரேமனில், நாலாம் மாடியில், இரண்டு மணி வேலைக்குப் போகவேண்டிய ஒரு மனிசன் படுக்காமல், சாரத்தைக் கட்டிக்கொண்டு, யன்னலுக்கும் கதவுக்கும் நடந்து நடந்து, மணிக்கூட்டைப் பார்த்து, எங்க போய்த் துலைஞ்சாள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். வரவேண்டாம் என்று சொன்ன வாய் மூடமுதல் தொடங்கியிருக்கவேண்டும், அவள் நிலையத்துப் படி இறங்கியபோதே நனையவில்லை, கோபத்தில் பார்க்கவில்லை.

முன்னால் ஊரின் எல்லைப் பலகை நின்றது, மஞ்சள் பலகை, ஊரின் பெயருக்குக் குறுக்கே சிவப்புக் கோடு. பலகை வரைக்கும்தான் இந்த மழை. அதற்கு அப்பால் பிரேமனுக்கு ஐம்பத்திரண்டு கிலோமீற்றர். பலகைக்கு இந்தப் பக்கம் எவ்வளவு நேரம் நின்றாலும் அவளுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும், இப்போதும் நடக்கிறார், இப்போதும் படுக்கவில்லை, இப்போதும். அந்தப் பக்கம் போனால் ஒன்றும் தெரியாது. போய்ச் சேர்ந்தால் ஏச்சு, கத்தல், அதற்குப் பிறகு என்ன என்று மழையாலும் சொல்லமுடியாது. அவள் பலகைக்குக் கீழே ஒரு நிமிஷம் நின்றாள், ஒரு துளி படாமல், வாழ்க்கையில் முதல்தரம் ஒரு இடத்தை விட்டுப் போக மனமில்லாமல். வீட்டில் நடந்துகொண்டிருக்கிற அந்த மனிசனுக்கும் பொறுமை கிடையாது என்பது நினைவுக்கு வந்தது. மிதித்தாள்.

அந்தப் பக்கம் பெய்தது எல்லாரையும் நனைக்கிற மழை, ஆளைப் பார்க்கத் தெரியாத மழை. இரண்டு நிமிஷத்தில் அவளை உள்ளுடுப்பு வரைக்கும் நனைத்துவிட்டது.